பாட்டுக்குக் காசு வாங்கினால் பாட்டைக் கையில் கொடுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பாட்டுச் செய்து வெளியிடும் கலைஞர்களுக்கும், ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறவர்களுக்கும், திருவிழாவுக்குப் பாடல் வெளியிடும் ஆலய பரிபாலன சபைகளுக்கும், கழகங்களுக்கும்

வணக்கம், ஸலாம்.

நான் களுவாஞ்சிகுடியில் போன் திருத்துகிற கடை வைத்திருப்பவன். எனக்குப் பாட்டுப் படிக்க வராது. சுருதி, தாளம் பற்றிப் பேச எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் நீங்கள் இரவு பகலாக இருந்து செய்கிற பாட்டு கடைசியில் எந்தப் பெட்டியில் ஓடுகிறது, எதில் ஓடாமல் முரண்டு பிடிக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஓடாததைத் தூக்கிக்கொண்டு சனம் வருவது என் மேசைக்கு. அந்த மேசையிலிருந்து கேட்கிறேன்: பாட்டுக்குக் காசு வாங்கினால் அதைக் கோப்பாகக் கொடுங்கள். ஒரு செயலியில், ஒரு கருவியில் மட்டும் ஓடும்படி கட்டிப்போடுகிற பூட்டு ஏதும் இல்லாத கோப்பு. வாங்கின ஆள் அதைப் போனில் கேட்கட்டும், ஓட்டோ செட்டில் போடட்டும், வட்டைக்கு (வயல்வெளிக்கு) கொண்டுபோகிற சின்ன ரேடியோவில் சிப்பை (மெமரி கார்டை) செருகிக் கேட்கட்டும். எதில் கேட்பது என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.

வெளியீட்டு விழா என்றால் நம்மூரில் இன்னும் இறுவட்டு, அதாவது சிடிதான். மங்கல விளக்கேற்றி, வரவேற்புரை, ஆசியுரை, நயவுரை எல்லாம் முடிந்து முதற்பிரதியை ஒரு வர்த்தகப் பிரமுகர் வாங்குவார். பிறகு சிறப்புப் பிரதிகள். கடித உறைக்குள் ஐயாயிரமோ பத்தாயிரமோ வைத்துக் கொடுத்துவிட்டு, பளபளக்கிற அட்டையோடு அதை வாங்கிப் படத்துக்கு நிற்பார்கள். வீட்டுக்குப் போனால் அதைப் போட்டுக் கேட்க ஒரு சாமான் இருக்காது. இப்போது விற்கிற மடிக்கணினிகளில் இறுவட்டு வைக்கிற தட்டு இருப்பது அரிது. வீட்டில் இருந்த டிவிடி பிளேயர் லென்ஸ் பழுதாகி எந்தக் காலமோ பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. ஆகவே உங்கள் பாட்டு கண்ணாடி அலுமாரிக்குள், பிள்ளையின் கேடயங்களுக்குப் பக்கத்தில் நிற்கும். அடுத்த கிழமை ஒருவரிருவர் "இதப் போனுக்கு ஏத்தித் தாங்க தம்பி" என்று கொண்டுவருவார்கள். இந்த ஒரு வேலைக்காகவே ஒரு பழைய கணினியை எறியாமல் வைத்திருக்கிறேன்.

இறுவட்டை நான் பழிக்கவில்லை. 1982இல் விற்பனைக்கு வந்த அந்தத் தட்டுக்குப் பிறவியிலேயே பூட்டு கிடையாது. வாங்கினவர் கணினியில் போட்டு எம்பி3 ஆக்கி எங்கேயும் கொண்டுபோகலாம். (2005இல் சோனி பிஎம்ஜி கம்பனி தன் இறுவட்டுகள் சிலவற்றுக்குள் ஒரு மென்பொருளை ஒளித்து வைத்தது. அது வாங்கினவர்களின் கணினியில் ஓட்டை போட்டு, வழக்காகி, தட்டுகளைத் திரும்பப் பெறும் அளவுக்கு நாறியது. அது தனிக் கதை.) தட்டு நல்லது, போடுவதற்குப் பெட்டிதான் இல்லாமல் போய்விட்டது.

மற்ற வழி லிங்க். இளம் பிள்ளைகள் இதைத்தான் செய்கிறீர்கள். கல்லடியில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை படித்து வெளியே வருகிறவர்கள், வீட்டு அறைக்குள் மைக்கும் கணினியும் வைத்து ராப் செய்கிறவர்கள், இஸ்லாமிய கீதம் செய்கிற கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்துத் தம்பிமார், எல்லாருக்கும் யூடியூப் லிங்க் ஒன்று, ஸ்ட்ரீமிங் செயலி லிங்க் ஒன்று. பரப்புவதற்கு அது நல்ல வழி, விடவும் வேண்டாம். என் பேச்சு அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. பாட்டுப் பிடித்துப்போன ஒருவர், காசு கொடுத்துத் தனக்கென்று வைத்துக்கொள்ள விரும்புகிறார். அவருக்கு நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள்?

மண்டூர்ப் பக்கமிருந்து குருமண்வெளித் துறைக்குப் பாதையில் (வாவியைக் கடக்கிற மிதவையில்) வந்து இறங்கின ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். மகள் கட்டாரில். லீவில் வந்தவள் ஒரு செயலியில் காசு கட்டிப் பத்துப் பதினைந்து பக்திப் பாடல்கள் வாங்கி, தகப்பனின் போனில் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். பாட்டுக்குப் பக்கத்தில் பச்சை அடையாளமும் விழுந்திருக்கிறது. வீட்டில் கேட்டால் பாடுகிறது. வேளாண்மைக் காவலுக்குப் போன இடத்தில் சில நாள் பாடிவிட்டு வாய் மூடிக்கொண்டது. "மனே, இது காசு குடுத்து வாங்கின பாட்டு. வட்டைக்குள்ள போனாப் படிக்குதில்ல. மெசின் செட்டுல போடச் சிப்புக்கு ஏத்தித் தாவன்" என்றார்.

போனுக்குள் தேடிப் பார்த்தேன். பாட்டு இருக்கிறது, திறக்க முடியாத துண்டுகளாக இருக்கிறது. அந்தச் செயலியைத் தவிர வேறெதுக்கும் அது விளங்காது. செயலியும் இடைக்கிடை இணையத்துக்குப் போய் இந்த ஆள் இன்னும் உரியவர்தானா என்று விசாரித்துவிட்டுத்தான் பாட வைக்கும். வட்டைக்குள் சிக்னல் இல்லை, விசாரணைக்குப் பதில் இல்லை, பாட்டும் இல்லை. காணிக்கு உறுதி முடித்ததாக நினைத்துக் காசு கொடுத்திருக்கிறார்கள்; கையில் இருப்பதோ குத்தகைத் துண்டு. காணிக்காரன் நினைத்தால் போகம் முடியுமுன்னே வேலியை அடைக்கலாம். இதை நான் விளக்கிச் சொல்லப் போனேன். அவருக்கு அது தேவைப்படவில்லை. "அப்ப காசு?" என்று மட்டும் கேட்டார்.

அவரை நினைத்துக்கொண்டு உங்கள் பாட்டைக் கேட்கிறவர்களை ஒருதரம் எண்ணிப் பாருங்கள். படுவான்கரையில் யானைக் காவலுக்குப் பரணில் விழித்திருக்கிறவர். வாழைச்சேனைத் துறையிலிருந்து பலநாள் படகில் போய்க் கிழமைக்கணக்கில் கரை காணாதவர். மருதமுனையில் தறியில் இருக்கிறவர். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் நாள் முழுக்க ஓட்டோ ஓடுகிறவர். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிற பிள்ளை. இவர்களில் பாதிப்பேர் பாட்டுக் கேட்கும் இடத்தில் இணையம் இல்லை, இருந்தாலும் டேட்டாவைப் பாட்டுக்குச் செலவழிக்க மனம் வராது. ஸ்ட்ரீமிங் செயலியான ஸ்பொட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்தது. அதில் காசு கட்டினவர் இறக்கி வைத்த பாட்டும், 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்துக்கு வந்து முகம் காட்டாவிட்டால் ஓடாது. அதற்குமேல் கடலில் நிற்கிற படகுக்கு இந்தச் சட்டம் எப்படிப் பொருந்தும்?

2022ஐயும் மறந்துவிட வேண்டாம். மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன நாட்கள் அவை. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. மாதாமாதம் வெளிநாட்டுக்குக் காசு கட்டினால்தான் பாட்டு என்று இருந்தவர்கள் முதலில் நிறுத்தினது அதைத்தான். சிப்பில் பாட்டு வைத்திருந்தவர்கள் போனுக்குச் சார்ஜ் இருக்கும்வரை கேட்டார்கள்.

இந்தப் பூட்டுக் கதை பழையது. பெரிய கம்பனிகள் நமக்கு முன்னமே விழுந்து எழும்பின கதை. பாட்டு விற்க வருகிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டியது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் கடையை 2003 ஏப்ரல் 28இல் திறந்தது. ஒரு பாட்டு 99 அமெரிக்கச் சதம். ஒவ்வொரு பாட்டுக்கும் ஃபெயார்பிளே என்ற பூட்டு. வாங்கின பாட்டை முதலில் மூன்று, பிறகு ஐந்து கணினிகளுக்கு அனுமதித்தார்கள். ஆப்பிளின் சொந்தப் பிளேயரான ஐபொட்டில் ஓடும். வேறு கம்பனியின் பிளேயரில் போட்டால் ஊமை. இதற்கு எதிர்ப்பக்கம் மைக்ரோசொஃப்ட் 2004இல் 'பிளேஸ்ஃபோர்ஷூர்' என்று ஒரு முத்திரை கொண்டுவந்தது. அந்த முத்திரை போட்ட கடையில் வாங்கின பாட்டு, முத்திரை போட்ட எந்தப் பிளேயரிலும் ஓடும் என்பது பேச்சு. பல கடைகளும் பல கம்பனிகளும் அதை நம்பிச் சேர்ந்தன. 2006 நவம்பரில் அதே மைக்ரோசொஃப்ட் 'சூன்' என்று சொந்தமாக ஒரு பிளேயரை இறக்கியது. அந்த முத்திரைப் பாட்டுகள் சூனில் ஓடவில்லை! தன் வீட்டுப் பூட்டுக்குத் தன்னிடமே திறப்பு இல்லை.

அடுத்தது இன்னும் மோசம். எம்எஸ்என் மியூசிக் என்ற மைக்ரோசொஃப்டின் கடை மூடியாகிவிட்டது. 2008 ஏப்ரலில் அங்கே பாட்டு வாங்கினவர்களுக்கு ஒரு அறிவித்தல் போனது: உரிமம் வழங்கும் சேவையகங்களை ஆகஸ்ட் 31உடன் நிறுத்துகிறோம். அதன் பொருள், அதற்குப் பிறகு கணினியை மாற்றினாலோ அதன் இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டாலோ காசு கொடுத்த பாட்டுக்கு நன்றி, வணக்கம். சனம் கிளம்பின பிறகு 2011 முடிவு வரை நீட்டினார்கள். யாஹூவின் கடையும் அதே 2008இல், செப்டம்பர் 30இல் மூடியது. திருட்டுத்தனமாக இறக்கினவர்களின் பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒழுங்காகக் காசு கட்டினவர்கள்தான் பதறினார்கள். இந்தப் பூட்டால் யாருக்குத் தண்டனை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அதற்கு முந்தின வருடம், 2007 பெப்ரவரி 6இல் ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் ஒரு மடல் எழுதினார். அதுவும் திறந்த மடல்தான். பூட்டுப் போடச் சொல்வது நாங்கள் அல்ல, நான்கு பெரிய இசைக் கம்பனிகள் என்றார். 2006இல் இணையக் கடைகள் எல்லாம் சேர்ந்து பூட்டுப் போட்டு விற்றது 200 கோடிக்கும் குறைந்த பாட்டுகள். அதே கம்பனிகள் பூட்டே இல்லாத இறுவட்டில் விற்றது 2000 கோடிக்கும் மேல் என்று கணக்கும் வைத்தார். ஜொப்ஸ் தர்மவான் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பூட்டால் ஐபொட் வியாபாரம் செழித்தது. ஐரோப்பாவில் அரசாங்கங்கள் நெருக்கத் தொடங்கின பிறகுதான் மடல் வந்தது. ஆனால் கணக்கு சரியான கணக்கு. முன் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுப் பின் யன்னலுக்கு ஏன் ஆமைப்பூட்டு?

அந்த ஏப்ரலில், நான்கு பெரிய இசைக் கம்பனிகளில் ஒன்றான ஈஎம்ஐ இறங்கி வந்தது. மே முடிவில் பூட்டில்லாத பாட்டு, முன்னையதைவிட நல்ல ஒலித்தரத்தில், 1 டொலர் 29 சதத்துக்கு ஐடியூன்ஸில் விற்பனைக்கு வந்தது. செப்டம்பரில் அமேசான் வெறும் எம்பி3 ஆகவே கடை திறந்தது. 2009 ஜனவரியில், இனி எந்தப் பாட்டுக்கும் பூட்டில்லை என்று ஆப்பிள் அறிவித்தது. வியாபாரம் விழுந்ததா? 2010 பெப்ரவரியில் ஐடியூன்ஸ் 1000 கோடியாவது பாட்டை விற்றது. 2013 பெப்ரவரியில் அது 2500 கோடி. ஸ்ட்ரீமிங் வந்து கோப்பு விற்பனை குறைந்தது பிறகு நடந்தது, அதற்குக் காரணம் பூட்டு எடுத்ததல்ல.

ஸ்ட்ரீமிங்கோடு பூட்டு திரும்பவும் உள்ளே வந்துவிட்டது. வாடகைக்கு எடுக்கிறோம் என்று தெரிந்து எடுப்பவருக்கு அதில் குறை இல்லை. விற்பது போல் காட்டி வாடகைக்கு விடுவதுதான் ஏமாற்று. கலிபோர்னியாவில் இதற்கென்றே சட்டம் போட்டு, 2025 ஜனவரி 1இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. டிஜிட்டல் பொருளை 'வாங்குங்கள்' என்று சொல்லி விற்பவர், கொடுப்பது உரிமம் மட்டும்தான் என்றால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நிரந்தரமாக இறக்கி இணையமில்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய பொருளை விற்பவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. நான் உங்களிடம் கேட்பது அந்த இரண்டாவது வகை.

"கோப்பாகக் கொடுத்தால் ஒருவன் வாங்கி ஊருக்கே பரப்புவானே?" இதை ஒலிப்பதிவுக் கூடத்தார் பலர் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பரப்புவான். இப்போதும்தான் பரப்புகிறான். யூடியூபில் நீங்கள் போட்ட பாட்டை எம்பி3 ஆக மாற்றித் தரும் தளம் எத்தனையோ, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அப்படி இறக்கின பாட்டு என் கடைக்கு வருகிற சிப்புகளில் நிறைய உண்டு. ஒலி தேய்ந்து, முன்னால் ஒரு விளம்பரத் துண்டும் ஒட்டிக்கொண்டு. அவனைத் தடுக்க உங்களிடம் வழி இல்லை. காசு தர ஆயத்தமாக நிற்கிறவருக்கு, அந்தத் திருட்டுக் கோப்பைவிட நல்ல கோப்பைக் கொடுக்க மட்டும் வழி இருக்கிறது.

மனம் கேட்காவிட்டால் இன்னொன்று செய்யலாம். ஆப்பிள் பூட்டை எடுத்தபோது, வாங்கினவரின் பெயரையும் மின்னஞ்சலையும் கோப்புக்குள் எழுதியே கொடுத்தது. கோப்பு எங்கும் ஓடும், ஆனால் யார் வாங்கினது என்பது உள்ளே இருக்கும். எம்பி3 கோப்பிலும் குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு. வாங்கினவர் பெயரை அதில் போடுங்கள், மின்னஞ்சல், தொலைபேசி எண் வேண்டாம். போடுகிறோம் என்பதை அவரிடம் சொல்லியே போடுங்கள். தன் பெயர் உள்ள பாட்டை வட்ஸ்அப் குழுவில் தட்டிவிட ஆள் ஒருதரம் யோசிக்கும்.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, சட்டப்படி பெற்ற பிரதியிலிருந்து ஒருவர் தன் சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுப்பதை அனுமதிக்கிறது. ஒரு பிரதி. இன்றைக்கு ஒரு மனிதரிடம் ஒரு போன், வீட்டில் ஒரு பழைய போன், ஓட்டோவில் பென்ட்ரைவ், கணினியில் ஒன்று என்று நாலு இடம் இருக்கிறது. சட்டம் எழுதின காலத்துக்கு அது தெரியாது. எந்தப் பொலிஸும் இதற்காக யாரையும் பிடிக்கப்போவதில்லை. என்றாலும் நேர்மையாக வாங்குகிற ஆளை அந்தச் சந்தேகத்தில் விடுவானேன்? உரிமை உங்களுடையது, அனுமதி கொடுக்க வேண்டியவர்களும் நீங்கள். பாட்டோடு ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: "வாங்கியவரும் வீட்டாரும் தங்கள் கருவிகள் எல்லாவற்றிலும் போட்டுக் கேட்கலாம். பிறருக்கு விற்கவோ பொதுவில் பகிரவோ வேண்டாம்." இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.

இனி என் தொழில் பக்கம். கோப்பு எப்படி இருந்தால் எல்லாவற்றிலும் ஓடும்?

எம்பி3 கொடுங்கள். அதைவிட நல்ல வடிவங்கள் வந்துவிட்டன, தெரியும். ஆனால் பட்டன் போனிலும், நாலாயிரம் ரூபாய்ச் சீனச் செட்டிலும், பஸ்ஸிலும், பத்து வருடப் பழைய காரிலும் ஒரேயடியாக ஓடுவது அது ஒன்றுதான். அதன் காப்புரிமைகளும் தீர்ந்து 2017இல் உரிமக் கட்டணமே நின்றுபோய்விட்டது. யாருக்கும் கப்பம் கட்டத் தேவையில்லை. எம்4ஏ வடிவம் ஐபோனுக்குச் சுகம், மலிவான செட்டுகள் பலவற்றில் பெயரைக்கூடக் காட்டாது. வட்ஸ்அப் குரல் பதிவு வருகிற ஓபஸ் வடிவமும் அப்படியே. நல்ல ஸ்பீக்கர் வைத்திருக்கிறவருக்கும், நாளைக்கு வேறு வடிவம் வந்தால் மாற்றிக்கொள்ள விரும்புகிறவருக்கும் ஃப்ளாக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். அதில் ஒலி ஒரு துளியும் குறையாது. ஐந்து நிமிடப் பாட்டு, விநாடிக்கு 320 கிலோபிட் அளவு எம்பி3இல் 12 எம்பி. ஃப்ளாக்கில் அதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வரும். எம்பி3ஐ நிலையான அளவில் செய்யுங்கள். ஏறி இறங்கும் அளவில் செய்தால் பழைய செட்டுகளில் நேரம் பிழையாக ஓடும், முன்னுக்குத் தள்ளினால் எங்கேயோ போய் நிற்கும்.

பெயர் விடயம் எனக்குத் தலையிடி. வட்ஸ்அப்பில் பாட்டாக அனுப்பினால் அன்ரொயிட் போனில் போய்ச் சேரும்போது உங்கள் பெயரும் பாட்டின் பெயரும் போய், திகதியும் இலக்கமுமாக ஒரு பெயர் நிற்கும். கோயில் பாட்டு எது, கலியாணப் பாட்டு எது என்று திறந்து கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். அதே கோப்பை 'டொக்யுமென்ட்' ஆக அனுப்பினால் பெயர் அப்படியே இருக்கும். கோப்பின் பெயருக்கு முன்னால் 01, 02 என்று இலக்கம் போடுங்கள். கோப்புக்குள் பாடகர், பாடலாசிரியர், இசையமைத்தவர், ஆண்டு எல்லாவற்றையும் தமிழில் நிரப்புங்கள். ஐடி3 என்கிற அந்தக் குறிப்பு முறையின் 2.3 பதிப்பில் நிரப்பினால் பழைய கருவிகளும் வாசிக்கும். ஆனால் கோப்பின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழ்ப்பற்றுக் குறைந்து சொல்லவில்லை. ஓட்டோ செட்டின் திரையில் தமிழ் எழுத்துரு இல்லை, உங்கள் பாட்டு பெட்டி பெட்டியாகத்தான் தெரியும்.

பென்ட்ரைவிலோ சிப்பிலோ போட்டுக் கொடுப்பதானால் 32 ஜிபிக்கு மேல் போக வேண்டாம். 64 ஜிபி சிப்புகள், கோப்புகளை அடுக்கி வைக்கிற எக்ஸ்ஃபாட் என்ற முறையில் வரும். வாகன செட்டுகள் பலவற்றுக்கு ஃபாட்32 மட்டும்தான் பழக்கம். "புதுச் சிப்பு, ஆனா செட்டு எடுக்குதில்ல" என்று வருகிறவர்களில் பெரும்பாலானோரின் கதை இது. இன்னொன்று: பல செட்டுகள் பெயர் வரிசையில் பாடாது, எந்தக் கோப்பு முதலில் ஏறியதோ அந்த வரிசையில்தான் பாடும். காவடிப் பாட்டு முதலில் வந்து பிள்ளையார் காப்பு கடைசியில் வந்தால் பழி உங்கள் தலையில். ஆகவே ஒவ்வொன்றாக வரிசைப்படி ஏற்றுங்கள்.

ஐபோன்காரர்தான் கொஞ்சம் பாடு. எம்பி3ஐ நேரே அதன் மியூசிக் செயலிக்குள் போட விடமாட்டார்கள், கணினியோடு இணைத்துத்தான் ஏற்ற வேண்டும். ஆனால் 'ஃபைல்ஸ்' செயலிக்குள் சேமித்தால் அங்கேயே தட்டிக் கேட்கலாம். இதை ஒரு வரியாகப் பாட்டோடு எழுதிக் கொடுத்தால் எனக்கும் பாதி வேலை குறையும்.

காசு எப்படி வாங்குவது? பேண்ட்காம்ப் என்ற தளம் 2008இலிருந்து இந்த வேலையைத்தான் செய்கிறது. வாங்கினவர் எம்பி3, ஃப்ளாக் என்று விரும்பின வடிவில் பூட்டில்லாமல் இறக்கிக்கொள்ளலாம், தளம் தன் பங்காக 15 வீதம் எடுக்கும். ஆனால் அது கலைஞருக்குக் காசு அனுப்பி வந்தது பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியாக, இலங்கையில் இருந்து பேபாலில் காசு பெறுவது நெடுங்காலமாக முடியாத காரியம். கனடாவிலோ லண்டனிலோ நம்பிக்கையான உறவினர் இருந்தால் அவர் பெயரில் நடத்தலாம். சிலருக்கு அது பிறகு வீட்டுச் சண்டையாகவும் முடியும். உள்ளூருக்கு அந்தச் சிக்கலே தேவையில்லை. போனால் ஸ்கேன் செய்து காசு கட்டுகிற லங்காகியூஆர் அட்டை இப்போது மரக்கறிக் கடையிலும் தொங்குகிறது. காசு வந்ததும் கோப்பை டொக்யுமென்டாக அனுப்புங்கள். கடைகளில் வைத்தும் விற்கலாம். அந்தக் காலத்தில் கசெட் கடை செய்த வேலைதான், என்னைப் போல் போன் கடைக்காரர் செய்வார்கள்.

ஸ்ட்ரீமிங்கிலிருந்து வருகிற காசை நம்பி இருக்கிறவர்களுக்கு ஒன்று. ஸ்பொட்டிஃபையில் 2024இலிருந்து, ஒரு பாட்டை 12 மாதத்தில் 1000 தடவைக்குக் குறைவாகக் கேட்டிருந்தால் அந்தப் பாட்டுக்குக் காசே இல்லை. ஒரு ஊர்க் கோயிலுக்குச் செய்த பாட்டு அந்த எல்லையைத் தொடுவது எப்படி? அதே பாட்டை ஊரில் நூறு வீடு இருநூறு ரூபாய்படி வாங்கினால் இருபதாயிரம் நேரே கையில் வரும். மிருதங்கக்காரருக்குக் கொடுக்கக் காணும்.

ஆலய சபையினருக்கு மட்டும் தனியாக: இறுவட்டு மேடையில் நன்றாக இருக்கிறது, படத்துக்கும் நிற்க வேண்டும், நிறுத்த வேண்டாம். அதே அட்டைக்குள் தட்டுக்குப் பதிலாக, அல்லது தட்டோடு சேர்த்து, ஒரு பென்ட்ரைவை வையுங்கள். பின்பக்கத்தில் இறக்கிக்கொள்ள ஒரு கியூஆர் அச்சடியுங்கள். முதற்பிரதி வாங்குகிற முதலாளி வீட்டுக்குப் போகும் வழியிலேயே காரில் போட்டுக் கேட்பார். அடுத்த வருடம் உறைக்குள் என்ன வைப்பார் என்பது அவர் பாடு.

கண்ணகை அம்மன் கோயில்களுக்கு வைகாசிச் சடங்கு வரும்போது புதுப் பாட்டுகள் வரும். அதற்கு முன் யாராவது ஒரு சபை, ஒரு பாடகர், ஒரு கூடம் இதைச் செய்து பாருங்கள். வெளியிடுமுன் கோப்புகளை ஒரு சிப்பில் போட்டு எந்தப் போன் கடைக்கும் கொண்டுபோகலாம், என்னிடமும் வரலாம். பட்டன் போன், ஓட்டோ செட், பழைய கார் செட், ஐபோன் எல்லாம் மேசையில் இருக்கின்றன. எதில் ஓடுகிறது, எதில் பெயர் தெரியவில்லை என்று பார்த்து எழுதித் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம். வெள்ளிக்கிழமைப் பின்னேரம் வந்தால் கடையில் கூட்டம் குறைவு.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடிப் போன் கடைக்காரன்